மூன்று தடவை பொறுக்கிய அரிசி

இஸ்ரேலில் ரெஹோவோத் நகருக்கு ஆராய்ச்சி வேலைக்காகப் போன முதல் வருடம், ஏப்ரலில் ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பாதி அலமாரிகளை வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி டேப் ஒட்டியிருந்தார்கள். பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரொட்டி, பிஸ்கட், பாஸ்தா, பீர் எல்லாம் ஷீட்டுக்குப் பின்னால். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்று சொல்லும் பெசாக் பண்டிகை வருகிறதாம். இஸ்ரேலில் அது ஏழு நாள். அந்த ஏழு நாளும் புளித்த மாவுப் பண்டம் எதுவும் யூதர் வீட்டில் இருக்கக் கூடாது. கடையில் விற்பனைக்குப் பரப்பி வைக்கவும் கூடாது என்று 1986இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

ரொட்டி போனால் போகட்டும், எனக்கு வேண்டியது அரிசி. அது மூடாத பக்கத்தில்தான் இருந்தது. பாக்கெட்டின் மேல் மட்டும் எபிரேயத்தில் ஒரு வரி. கூட வந்த ஆய்வக நண்பன் படித்துச் சொன்னான்: "கித்னியோத் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்."

கித்னியோத் என்றால் பருப்பு, பயறு வகை. அரிசியையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டேன். "எங்கள் அம்மா பிறந்த வீட்டில் உண்டு, அப்பா வீட்டில் கிடையாது" என்றான். அப்படியென்றால் நீ? "அப்பாவின் வழக்கம்தான் எனக்கும். பாட்டி வீட்டுக்குப் போனால் வாசனை மட்டும் பிடித்துவிட்டு வருவேன்."

நான் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரத் தாத்தாவும் பாட்டியும். தாத்தா பாக்தாத்தில் பிறந்தவர். 1951இல் ஈராக் யூதர்களை விமானம் விமானமாகக் கூட்டி வந்தபோது அவருக்குப் பத்து வயது. பாட்டியின் பெற்றோர் போலந்துக்காரர்கள். அதாவது தாத்தா செஃபார்தி, பாட்டி அஷ்கெனாசி. ஸ்பெயினில் வளர்ந்து அரபு நாடுகளிலும் ஊன்றிய மரபு முதலாவது. ஜெர்மனி, போலந்துப் பக்கத்து மரபு இரண்டாவது. கல்யாணமானால் பெண் கணவன் வீட்டு வழக்கத்துக்கு மாறுவது பொதுவான முறை. ஆகவே பாட்டி தன் இருபத்திரண்டாம் வயதில்தான் முதல் தடவையாகப் பெசாக்கில் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

"முதல் வாய் இறங்கவே இல்லை" என்று என்னிடம் சொன்னார். "மாமியார் எதிரிலேயே நின்றாள். முழுங்கிவிட்டேன். என் அம்மா அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தால் டீ மட்டும்தான் குடிப்பாள். கடைசிவரை அப்படித்தான்."

இத்தனைக்கும் யூதர்களின் வேதமான தோராவில் அரிசிக்குத் தடை கிடையாது. கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்கள் புளித்தால்தான் குற்றம். பழைய அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இன்னும் வேடிக்கை. பெசாக் இரவுப் பந்தியில் வைக்க வேண்டிய இரண்டு சமையல் எவை என்று பேச்சு வருகிறது. பீட் கீரையும் அரிசியும் என்கிறார் ராவ் ஹூனா. ஹூனா வாயால் வந்த சொல் என்பதற்காகவே ரவா என்ற இன்னொரு அறிஞர் அந்த இரண்டையும் தேடிப் பிடித்து வைப்பாராம். அப்படிப் பந்தியில் இருந்த அரிசி, 13ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் விலக்குப் பட்டியலில் தென்படுகிறது. கோதுமை போல இதையும் மாவாக அரைக்கிறார்கள், பார்க்கிறவர் குழம்பிப்போவார் என்று ஒரு காரணம். மூட்டையில் கோதுமை மணி கலந்திருக்கலாம் என்று இன்னொன்று. அடுத்த நூற்றாண்டில் யாக்கோபு பென் ஆஷேர் தன் பெரிய சட்டத் தொகுப்பில் இதெல்லாம் மிகையான கட்டுப்பாடு என்று ஒதுக்கினார். யார் கேட்டார்கள்? ஜெர்மனியிலும் போலந்திலும் அது வேர்விட்டுவிட்டது.

சரி, இப்போது யூதச் சட்டத்தைத் தொகுத்த யோசெஃப் கரோ என்ற அறிஞருக்கு வருவோம். 1488இல் பிறந்தவர். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியபோது நாலு வயசுப் பிள்ளை. ஒட்டோமான் நகரங்களில் வளர்ந்தார். அந்த நகரங்களில் ஒவ்வொரு ஊர் அகதிக்கும் தனித்தனித் தொழுகைக்கூடம், தனித்தனி வழக்கம். தோரா இரண்டாகக்கூட இல்லை, கணக்கில்லாத தோராக்களாகிவிட்டது என்று தன் முன்னுரையில் புலம்புகிறார். 1522இல் எதிர்னே நகரில் எழுத உட்கார்ந்து, 20 வருடம் எழுதி, இன்னொரு 12 வருடம் திருத்தி, யாக்கோபு பென் ஆஷேரின் அந்தத் தொகுப்புக்கு உரையாக, இருக்கிற கருத்தையெல்லாம் மூலத்தோடு அலசும் 'பெத் யோசெஃப்' என்ற பெருநூலை முடித்தார். தீர்ப்புக்கு அவர் கண்ட வழி நம் பஞ்சாயத்துக்காரர்களுக்கும் பிடிக்கும். அல்ஃபாசி, மைமோனிடிஸ், ஆஷேர் பென் எஹியேல் என்ற மூன்று பெரியவர்களில் இரண்டு பேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

அப்புறம் அதையே சுருக்கினார். ஆதாரம், வாதம், மேற்கோள் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவை படித்து முடிக்கத் தோதாக 30 பகுதிகளாகப் பிரித்தார். 1565இல் வெனிஸில் அச்சானது. பெயர் 'ஷுல்ஹான் ஆருக்'. பரிமாறி வைத்த மேஜை என்று அர்த்தம். இலை போட்டாயிற்று, வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி என்கிற தொனி.

போலந்தில், கிராக்கோவில், மோசே இசெர்லெஸ் என்று ஒருவர் இருந்தார். கரோவுக்கு முப்பது, நாற்பது வயது இளையவர். அவரும் அதே யாக்கோபு பென் ஆஷேரின் தொகுப்புக்கு உரை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கரோவின் பெருநூல் அங்கே வந்து சேர்ந்தது. நாம் செய்துகொண்டிருப்பதை எங்கோ ஒருவர் செய்து முடித்து வெளியிட்டும்விட்டார் என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்! (எனக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது. இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே போகவில்லை.) இசெர்லெஸ் படித்துப் பார்த்தார். மூன்று பெரியவர்கள் சரி, எங்கள் ஊர் ஆட்கள் எங்கே? ஆஷேர் ஜெர்மனியில் பிறந்து தொலேதோவுக்குப் போனவர்தான், ஆனாலும் தராசு பெரும்பாலும் ஸ்பெயின் பக்கமே சாய்ந்தது.

போட்டிக்குத் தனிச் சட்டநூல் ஒன்றை அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கரோவின் வரிகளை அப்படியே விட்டுவிட்டு, தங்கள் ஊர் வழக்கம் மாறுபடும் இடங்களில் எல்லாம் நடுவே தன் குறிப்பைச் செருகினார். அந்தக் குறிப்புகளுக்கு 'மப்பா' என்று பெயர். மேஜை விரிப்பு. நீங்கள் மேஜையைப் போட்டுவிட்டீர்கள், விரிப்பு இல்லாமல் எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள். 1570-ஐ ஒட்டி கிராக்கோவில் இரண்டும் ஒரே புத்தகமாக அச்சேறின.

அந்தப் பக்கத்தைத் தாத்தா ஒரு நாள் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். கல்யாணப் பத்திரிகை வைக்கும் தாம்பாளம் அளவுக்குப் பெரிய புத்தகம். நடுவில் கரோவின் வரிகள் சதுர எழுத்தில். ஊடே ஊடே சின்னதாக, வேறு வகை எழுத்தில் இசெர்லெஸ். சுற்றிலும் கரையான் புற்று மாதிரி பின்னால் வந்தவர்களின் உரைகள். 453ஆம் பிரிவு. அரிசியும் பயறும் புளிப்பாவதில்லை, அவற்றைச் சமைக்கலாம் என்று கரோ முடிக்கிறார். முடித்த கையோடு சின்ன எழுத்து ஆரம்பிக்கிறது: தடுப்பவர்கள் உண்டு, அஷ்கெனாஸில் கண்டிப்பாக இருப்பதே வழக்கம், மாற்றக் கூடாது. தாத்தா பெரிய எழுத்தைத் தொட்டு "இது நான்" என்றார். சின்ன எழுத்தைத் தொட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே பாட்டி பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

அதே நூலில் கோழி விஷயம் இன்னும் காரம். யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாளுக்கு முன்பு, ஆணுக்குச் சேவலும் பெண்ணுக்குப் பெட்டையுமாகத் தலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றி, "இது எனக்கு மாற்று, இது எனக்குப் பதில்" என்று சொல்லிவிட்டு அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். 605ஆம் பிரிவில் கரோ இதைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். முதல் பதிப்பில் அந்தப் பிரிவின் தலைப்பிலேயே மடத்தனமான வழக்கம் என்று இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. இசெர்லெஸ் கீழேயே எழுதுகிறார்: பழைய அறிஞர்கள் சிலர் இதைக் குறித்திருக்கிறார்கள், எங்கள் தேசங்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது, மாற்றக் கூடாது. நாலரை நூற்றாண்டாக இந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பினே பிராக் நகரில் அந்த நாட்களில் கோழிக் கூடைகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோழிக்குப் பதில் காசை முடிந்து சுற்றுகிறவர்களும் நிறைய. என்னைக் கேட்டால் கோழி விஷயத்தில் நான் கரோ கட்சி.

வழக்கத்துக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவில் கூலியாட்கள் பற்றி ஒரு கதை கிடைக்கிறது. யோஹனான் பென் மத்தியா தன் மகனை ஆள் பிடித்து வரச் சொல்கிறார். அவன் போய், சாப்பாடு போடுகிறோம் என்று பேசிவிட்டு வந்துவிடுகிறான். அப்பா பதறுகிறார்: "சாலொமோன் ராஜா விருந்தே போட்டாலும் கடன் தீராதடா, அவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் பிள்ளைகள். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஓடிப்போய், ரொட்டியும் பயறும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வா." இதைக் கேட்ட ஷிமோன் பென் கம்லியேல், அதெல்லாம் சொல்லவே வேண்டாம், எல்லாம் ஊர் வழக்கப்படிதான் என்கிறார். எருசலேம் தல்மூது இந்த இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கம் சட்டத்தைத் தள்ளும் என்று நாலு சொல்லில் முடிக்கிறது. கூலி, கொடுக்கல் வாங்கலில் சரி, விலக்கிலும் அனுமதியிலும் அப்படியே விட்டுவிட முடியுமா என்று பின்னால் வந்தவர்கள் கடிவாளம் போட்டார்கள். மின்ஹாக் என்றால் வழக்கம். அதன் எபிரேய எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் கெஹின்னோம், அதாவது நரகம். 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் ரபேனு தாம் சொன்னதாக இந்தக் கிண்டல் இன்றும் ஓடுகிறது.

கரோவுக்கு மட்டும் அதிகாரம் யார் கொடுத்தது? அரசன் இல்லை, உச்ச நீதிமன்றம் இல்லை. குரு சீடன் தலையில் கைவைத்து வழிவழியாகக் கொடுத்துவந்த நீதிபதிப் பட்டம் என்றைக்கோ அறுந்துபோயிருந்தது. 1538இல் சஃபேத் ஊரில் யாக்கோபு பெராப் அதற்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார். அவர் கையால் பட்டம் வாங்கிய சிலரில் கரோவும் ஒருவர். எருசலேமிலிருந்த லேவி இப்ன் ஹபீப் செல்லாது என்றார், விவகாரம் அத்தோடு படுத்துவிட்டது. இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பட்டம் செல்லாமல் போன மனிதர் மாணவர்களுக்கென்று சுருக்கிய கைநூல், நூறு வருடத்தில் சட்டம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

அதுவும் சும்மா நடக்கவில்லை. போலந்தில் ஷ்லோமோ லூரியா கரோவின் முறையையே ஏற்கவில்லை. பிராகாவின் மகரால் என்ற அறிஞர், இப்படிப்பட்ட நூலைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவன் வழியில் போகும் குருடன் மாதிரி என்றார். தல்மூதிலிருந்து சொந்தப் புத்தியில் தீர்த்துத் தவறிப்போனாலும் அதுவே மேல் என்பது அவர் கட்சி. 1646இல் ஷப்தாய் ஹாகோஹென், தாவீது ஹாலேவி இருவரின் உரைகளும் இதன்மேல் அச்சாயின. இரண்டு பேரும் கரோவையும் விடவில்லை, இசெர்லெஸையும் விடவில்லை, ஒருவரையொருவரும் விடவில்லை. என் கணிப்பு என்னவென்றால், அந்த நூலைத் தூக்கி நிறுத்தியதே இந்தச் சண்டைதான். மறுப்பவனும் தன் மறுப்பை எழுத அந்தப் பக்கத்து ஓரத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. இசெர்லெஸின் விரிப்பு இல்லாமல் கரோவின் மேஜை போலந்துக்குள் நுழைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கீழ் வீட்டில் இந்தச் சண்டை வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. பேரன் வேத பாடசாலையில் படிக்கிறான், பத்தொன்பது வயது. அவன் மனசில் ஓவாதியா யோசெஃப் உட்கார்ந்திருந்தார். பாக்தாத்தில் பிறந்து, 1973 முதல் 1983 வரை இஸ்ரேலின் செஃபார்தி தலைமை ரபியாக (மதகுருவாக) இருந்து, 2013இல் மறைந்தவர். கரோ இந்த மண்ணின் ஆசான், ஆகவே எந்த நாட்டிலிருந்து வந்த செஃபார்தியும் இங்கே கரோ சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வாதம். பாக்தாத்தின் பெரிய அறிஞர் யோசெஃப் ஹாயீமையே பல தீர்ப்புகளில் மறுத்து எட்டுத் தொகுதி எழுதினார். தாத்தாவுக்கு அதில் ஒரு மனத்தாங்கல். "எங்கள் ஊர்க்காரரே எங்கள் ஊர் வழக்கத்தைப் பிடுங்கிவிட்டார்" என்பார், ஆனால் பெயரைச் சொல்லும்போது மரியாதை குறையாது.

ஒரு தடவை பேரன் என் மாடிக்கு வந்தான். "உங்கள் லேபில் அளவு ஜாடி இருக்குமா? புதுசாக வேண்டும், பிரிக்காதது." வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வு நாளான ஷபாத் இரவில் தாத்தா திராட்சை ரசம் ஊற்றி ஆசி சொல்லும் வெள்ளிக் கிண்ணத்தை அளக்க வேண்டுமாம். அது அவருடைய அப்பா பாக்தாத்திலிருந்து கொண்டுவந்தது. குறைந்தபட்சம் ஒன்றரை முட்டை கொள்ள வேண்டும் என்பது விதி. முட்டை என்றால் எந்த முட்டை? 18ஆம் நூற்றாண்டில் பிராகாவின் எஹெஸ்கேல் லாண்டாவ் கட்டைவிரல் கணக்கையும் முட்டைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. நம் காலத்து முட்டைகள் பாதியாகச் சிறுத்துவிட்டன என்று முடிவுகட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு பினே பிராக்கின் ஹசோன் இஷ் என்ற அறிஞர் சுமார் 150 மில்லி வேண்டும் என்றார். எருசலேமின் ஹாயீம் நாயே 86 போதும் என்றார். பேரனின் பாடசாலை நண்பர்கள் 150 கட்சி.

அவர்கள் சமையலறை மேஜையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 94. பாட்டிதான் முதலில் சிரித்தார். தாத்தா கிண்ணத்தைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "என் அப்பா ஐம்பது வருடம் குடித்தது என்ன, தண்ணீரா?" என்று மட்டும் கேட்டார். பேரன் அடுத்த வாரம் தனக்கென்று ஒரு பெரிய கண்ணாடிக் குவளை வாங்கி வந்தான்.

விளக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பாட்டி வெள்ளி மாலை திரி ஏற்றிய பிறகு கண்களைப் பொத்திக்கொண்டு ஆசி சொல்வார். அஷ்கெனாசி முறை அது. ஆசியைச் சொன்னால் ஷபாத் தொடங்கிவிடும், தொடங்கிய பின் நெருப்பைத் தொடக் கூடாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, வெளிச்சத்தைக் காணாததுபோலக் கண்ணை மூடி, ஆசியைச் சொல்லி, பிறகு திறப்பது. ஓவாதியா யோசெஃபின் தீர்ப்புப்படி செஃபார்திப் பெண்கள் முதலில் ஆசி சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பேரன் தர்க்கத்தோடுதான் பேசினான். "நீங்கள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர், பாட்டி. பெசாக்கில் சோறு சாப்பிடுகிறீர்கள். விளக்கு மட்டும் ஏன் பழைய வீட்டு வழக்கம்?"

"சோறு மாமியார் கொடுத்தது. விளக்கு அம்மா கொடுத்தது."

தாத்தா நாற்காலியில் இருந்தபடியே ஒரு தல்மூதுக் கதையை எடுத்தார். பெத் ஷெயான் ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமையில் தீருவிலிருந்து சீதோனுக்குப் போவதில்லை என்று வைத்திருந்தார்கள். சீதோனில் அன்றைக்குத்தான் சந்தை. பிள்ளைகள் தலையெடுத்ததும் ரபி யோஹனானிடம் போனார்கள். எங்கள் அப்பாக்களுக்கு வசதி இருந்தது, எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அவர் விடவில்லை. உங்கள் பெற்றோர் ஏற்றுக்கொண்டாயிற்று என்று சொல்லி நீதிமொழிகளிலிருந்து ஒரு வரி சொன்னார்: "என் மகனே, உன் தகப்பன் புத்தியைக் கேள், உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே." தாத்தா இரண்டாம் பாதியை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பேரன் சளைக்கவில்லை. அது ஊரே சேர்ந்து ஏற்ற வழக்கம், இது ஒரு வீட்டுக்காரியின் வழக்கம், இரண்டும் ஒன்றா என்றான். எனக்கு அவன் கேள்வி நியாயமாகப்பட்டது. அதைச் சொல்லும் துணிச்சல் வரவில்லை. பாட்டி அதற்குள் தீப்பெட்டியை எடுத்துவிட்டார்.

2017இல் அம்மா மூன்று மாதம் என்னோடு வந்து தங்கினார். பெசாக்குக்குப் பத்து நாள் முன்னால் பாட்டி கீழே வெள்ளை மேஜை விரிப்பைப் போட்டு, அரிசியைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செஃபார்தி வீடுகளில் அரிசியை மூன்று தடவை பொறுக்க வேண்டும், மணி மணியாக. கோதுமையோ பார்லியோ ஒன்றுகூட இருந்துவிடக் கூடாது. எங்கள் அம்மாவுக்கு எபிரேயம் தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. அரிசி பொறுக்குவதற்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். "நம்ம ரேஷன் அரிசியில இருக்கிற கல்லு இதுல எங்க இருக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டே விரல்களால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை ஒரு கருப்பு மணி. பாட்டி ஒவ்வொரு தடவையும் குவியலை மறுபக்கத்துக்குத் தள்ளி எண்ணிக்கையை விரலால் காட்டினார்.

மூன்றாம் தடவை, பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது, அம்மா ஒன்றை நகத்தால் ஒதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நடுவில் கோடு விழுந்த, பழுப்பு நிறக் கோதுமை மணி.

பாட்டி கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். அப்புறம் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். "பார்த்தாயா? எங்கள் ஆட்கள் சொன்னது! வந்து பார்!" தாத்தா வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். பாட்டி அந்த மணியை ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தார். கையை விரிப்பில் துடைத்துக்கொண்டு, அரிசியை மறுபடி ஒரே குவியலாகச் சேர்த்து, அம்மாவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். முதலிலிருந்து.